பயிரைப் பார்க்கும் கண்ணால் நம்மையும் பார்ப்போம்

தை மாதக் கடைசி. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். என் நெல் 19 காட்டியது. இரண்டு நாள் கிளறிக் கிளறிக் காயவைத்தேன். மூன்றாம் நாள் தூறல். மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

அந்த ஒன்பது நாளில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒரு ராத்திரி மனைவி கேட்டார்: "என்னங்க, ரெண்டு நாளா சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன். இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

எனக்கு உப்பு இல்லாததே தெரியவில்லை. போட மறந்தவருக்கும் மனசு இங்கே இல்லை, சாப்பிட்டவனுக்கும் இல்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நெல் தரிசில் விதைத்த உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. குவியலுக்குக் காவல் இருந்துவிட்டு வந்த ஒரு காலையில், நேரே போய் அந்த உளுந்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்தேன். பக்கத்து வயல் சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பூச்சிக்குடா அடிச்ச?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வயலில் பூச்சியே இல்லை. எதையாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றம் கையில் தெளிப்பானைத் தூக்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மன அழுத்தம் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விவசாயி வீட்டில் அது அப்படி வருவதில்லை. உப்பில்லாத சாம்பாராகவும், தேவையில்லாத மருந்துச் செலவாகவும், பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் விழும் சத்தமாகவும்தான் முதலில் வருகிறது. அதனால்தான் நமக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

வரப்பை விட்டுப் போகாத பாம்பு

இருட்டில் வரப்பில் போகும்போது காலருகே பாம்பு நெளிகிறது. அந்த நொடியில் என்ன நடக்கிறது? சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பை ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால் தசைகள் முறுக்கேறுகின்றன. துள்ளி விலகுகிறோம். பாம்பு போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த அழுத்தம் நல்லது. உயிரைக் காப்பாற்றுகிறது. மழைக்கு முன் அறுத்துவிட வேண்டும் என்று ஓட வைப்பதும் இதுதான்.

ஆனால் கடன் தவணை, வராத ஆற்றுத் தண்ணீர், விலை விழுந்த தக்காளி, மகள் கல்யாணம் இவையெல்லாம் வரப்பை விட்டுப் போகாத பாம்புகள். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. அது நாள் முழுக்கத் தயார் நிலையிலேயே நிற்கிறது. கார்டிசால் என்ற சுரப்பு நெடுநாள் கூடுதலாகவே இருந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், நோய் எதிர்ப்பு சக்தி குறையும். "சர்க்கரை மாத்திரை ஒழுங்காப் போடுறேன், ஆனாலும் இறங்க மாட்டேங்குது" என்று சொல்பவர்கள், அந்தச் சமயம் வீட்டில் என்ன கவலை ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள் எங்கே தெரியும்?

நெல்லில் இலைச்சுருட்டுப் புழு ஒன்றிரண்டு தெரிந்ததும் நாம் மருந்து அடிப்பதில்லை. தூர் கட்டும் பருவத்தில் 10 சதவிகித இலைகள், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவிகிதம் பாதித்தால்தான் பொருளாதார சேதநிலை என்கிறோம். அதற்குக் கீழே இருந்தால் கவனித்து வருகிறோம். தாண்டினால் தாமதிப்பதில்லை. ஆனால் இதெல்லாம் வரப்பில் நடந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். மனசுக்கும் இதே கணக்குதான். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு.

உடம்பு: காரணம் தெரியாத தலைவலி, கழுத்துப் பிடிப்பு, வயிற்று எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, படுத்தும் தூக்கம் வராமை, அல்லது 2 மணிக்கே விழிப்பு. நெஞ்சுவலி என்றால் மட்டும் மன அழுத்தம் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனசு: சின்ன விஷயத்துக்கும் கோபம், ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருவது, வைத்த பொருள் வைத்த இடம் மறப்பது, முன்பு பிடித்தது எதிலும் பிடிப்பில்லாமல் போவது.

பழக்கம்: பீடி, புகையிலை, மது கூடுவது. கோயில், டீக்கடை, விசேஷம் என்று நாலு பேர் கூடும் இடத்தைத் தவிர்ப்பது. போன் அடித்தால் எடுக்காமல் இருப்பது.

வயல்: இது நம் தொழிலுக்கே உரிய அறிகுறி. பூச்சியைப் பார்க்காமலே மருந்து அடிப்பது. பக்கத்து வயலில் போட்டார்கள் என்று யூரியாவைக் கூடுதலாகப் போடுவது. பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு முடிவது தெரிந்தும் நாளை நாளை என்று தள்ளுவது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே பரணில் செருகுவது. வயலுக்குப் போகவே கால் வராமல் போவது.

இந்த நாலாவது அறிகுறிதான் ஆபத்தானது. கவலையால் முடிவு தப்பும். தப்பிய முடிவால் செலவு ஏறும். செலவால் கவலை மேலும் ஏறும். இந்தச் சங்கிலியை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களுக்கு இதில் இரட்டைச் சுமை. விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி, சமைத்து, நடவுக்கோ களைக்கோ போய், குழுக் கடன் தவணைக்கு யாரிடமாவது கைமாற்று கேட்டு நிற்பதும் பெரும்பாலும் அவர்தான். "உடம்பெல்லாம் வலிக்குது" என்று அவர் சொன்னால் தைலம் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் என்ன கவலை என்றும் கேளுங்கள். பிள்ளைகள் வாயால் சொல்லத் தெரியாமல் வயிற்றுவலி என்பார்கள், பள்ளிக்குப் போகமாட்டேன் என்பார்கள்.

கையில் இருப்பது, கையில் இல்லாதது

வாரத்தில் ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கணவன், மனைவி இருவரும் உட்காருங்கள். பிள்ளையின் பழைய நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் நம் கையில் இல்லாதது. இன்னொரு பக்கம் நம் கையில் இருப்பது.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா, வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும், சந்தை விலை என்ன என்பதெல்லாம் முதல் பக்கத்துக்குப் போகும். அவற்றை எழுதிவிட்டு மூடிவிடலாம். ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் அணையின் நீர்மட்டம் ஓர் அங்குலம் ஏறப்போவதில்லை.

இரண்டாம் பக்கம்தான் வேலை. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு காப்பீட்டுக்குப் பதிவது. வடிகாலை மழைக்கு முன் வெட்டுவது. தண்ணீர் தாமதமானால் எந்த ரகம் போடலாம் என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்பது. நேரில் போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர் 1800-180-1551 எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே கேட்கலாம். இந்தப் பக்கத்தில் வாரம் ஒரு வேலையை முடித்து அடித்துவிட்டாலே மனசு கொஞ்சம் இறங்கும்.

கடனைத் தாளில் இறக்குங்கள்

தலையில் இருக்கும் கடனுக்கு அளவு கிடையாது. தாளில் எழுதினால்தான் அதற்கு ஓர் எண்ணிக்கை வரும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கெடு என்று நாலு கட்டம் போடுங்கள். ஒன்றையும் மறைக்காதீர்கள், முக்கியமாக ஒருவருக்கொருவர்.

ஓர் உதாரணம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 60,000 ரூபாய். கைமாற்று 50,000 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டி. நம் மனசு பெரிய தொகையைக் கண்டுதான் பயப்படும். ஆனால் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. கைமாற்றுக்கோ மாதம் 1,500 ரூபாய், வருஷத்துக்கு 18,000 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. பயப்பட வேண்டியது எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா? கெடு தவறாமல் சங்கக் கடனைக் கட்டுவதும், கையில் மிஞ்சுவதை முதலில் கைமாற்றுக்குக் கொடுப்பதும்தான் வழி. வங்கியில் கிசான் கடன் அட்டை வைத்திருப்பவர்கள் 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனைக் காலத்தில் கட்டினால் 7 சதவிகித வட்டி 4 ஆகக் குறையும்.

கட்ட முடியாத நிலைமை என்றால் கெடு முடிவதற்கு முன்பே போய் மேலாளரிடம் சொல்லுங்கள். ஒளிந்துகொள்வதைவிட முன்பே போய்ச் சொல்பவருக்குத்தான் வழி கிடைக்கும். நுண்கடன் வசூலுக்கு வருபவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கடன் வாங்கியது குற்றமில்லை. அவமானப்பட வேண்டிய அவசியமும் இல்லை.

உடம்பை இறக்கி வைக்க

மூச்சு: சாய்ந்து உட்காருங்கள். மனசுக்குள் நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். வெளியே விடும் மூச்சு நீளமானால் நெஞ்சுப் படபடப்பு தணியும். கொள்முதல் நிலைய வரிசையிலும் செய்யலாம், பேருந்திலும் செய்யலாம்.

தூக்கம்: தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மழைச் செய்தியும் விலைச் செய்தியும் படுக்கும் முன் பார்ப்பதை விட்டுவிடுங்கள். முறைத்தண்ணீர் பாய்ச்ச ராத்திரி விழிக்க வேண்டியிருந்தால் மறுநாள் மதியம் அரை மணி நேரம் கண்ணயருங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை.

மது: குடித்தால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கம் நடுராத்திரியில் உடைந்துவிடும். மறுநாள் படபடப்பு கூடும். செலவு தனி.

கூட்டம்: திருவிழாவுக்கும் கபடிக்கும் போவதை நேர விரயம் என்று விட்டுவிடாதீர்கள். பத்துப் பேரோடு சிரித்த மாலை அன்றைய ராத்திரித் தூக்கத்துக்கு உதவும்.

கேட்பதும் ஒரு வேலை

பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நாளாகச் சரியாக இல்லை என்று தெரிகிறது. என்ன செய்வது? தனியாக, வரப்பிலோ திண்ணையிலோ, "கொஞ்ச நாளா நீங்க பழைய மாதிரி இல்லையேண்ணே, என்ன விஷயம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசட்டும்.

"எல்லாம் சரியாப் போயிடும்", "ஆம்பளை இப்படிக் கலங்கலாமா", "உனக்காவது பரவாயில்லை, எனக்குப் பாரு" என்ற மூன்றையும் சொல்லாதீர்கள். அவை வாயை அடைத்துவிடும். என் சித்தப்பா அன்றைக்கு என்னை வரப்பில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசவிட்டார். நெல்லின் ஈரம் அதனால் குறையவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து குவியலுக்கு முறை வைத்துக் காவல் இருந்தோம், எனக்கு ஒரு ராத்திரி தூக்கம் கிடைத்தது.

சேதநிலையைத் தாண்டினால்

மேலே சொன்ன அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, அன்றாட வேலையே ஓடாமல் போனாலோ, அது நாமே சமாளிக்கும் அளவைத் தாண்டிவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னாலும் வழி காட்டுவார்கள். மாத்திரை எழுதினால் இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும். தெரியவில்லை என்றோ, சரியாகிவிட்டது என்றோ நாமாக நிறுத்தக் கூடாது. மனநல மருத்துவரிடம் போவது பைத்தியத்துக்கு மட்டும் என்பது பழைய பேச்சு. காய்ச்சலுக்குப் போவது போலத்தான் இதுவும்.

வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். 104 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனசில் இருப்பதை இறக்கி வைக்கத்தான் வழி கிடைக்கும். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே உதவிக்கு அழையுங்கள். அப்படி ஒரு முயற்சி நடந்துவிட்டாலும் போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதுகிறது.

இன்னொரு வேலை இன்றே செய்ய வேண்டியது. பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதைப் பெட்டியில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் 'சினேகா' அமைப்பினர் மருந்துகளுக்கென்றே பொது அறை கட்டி, விவசாயிகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். அங்கே மருந்தால் நேரும் தற்கொலைகள் குறைந்தன. கொந்தளிக்கும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பிவிடும்.

வாசகர் கேள்விகள்

*"2018 கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. மறுபடி வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலமாக வீசினால் அப்பா தூங்குவதில்லை. தோப்பிலேயே நிற்கிறார். என்ன செய்வது?"*
- ஒரு வாசகர், பேராவூரணி

நவம்பர் 16 அதிகாலையில் கேட்ட அந்தச் சத்தத்தை அப்பாவின் உடம்பு மறக்கவில்லை. இது கோழைத்தனம் இல்லை. "அதான் காய்ச்சிடுச்சே" என்று வாதாடாதீர்கள். அந்த மாதங்களில் ராத்திரி அவரோடு இருங்கள். வானிலை அறிவிப்பை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், அவர் ஓயாமல் பார்க்க வேண்டாம். அன்றைக்கு நடந்ததை அவர் சொல்ல விரும்பினால் எத்தனையாவது தடவையானாலும் கேளுங்கள். கெட்ட கனவு, நடுக்கம் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

*"கணவர் கடன் விவரம் எதையும் என்னிடம் சொல்வதில்லை. கேட்டால் கோபப்படுகிறார். எனக்கு இப்போது எதிலும் பிடிப்பில்லை."*
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

சகோதரி, அவர் மறைப்பது பெரும்பாலும் வெட்கத்தால். அவர் கோபமாக இருக்கும்போது கேட்காமல், முதலில் உங்கள் கணக்கை அவரிடம் காட்டுங்கள். குழுக் கடன் இவ்வளவு, நகை இங்கே இருக்கிறது என்று நீங்கள் தொடங்கினால் அவரும் பேசலாம். இல்லையென்றால் அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். கோபம் அடிதடியாக மாறினால் பொறுக்க வேண்டாம், 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். 'எதிலும் பிடிப்பில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்காகக் காத்திருக்காமல் உங்களுக்காக ஒருமுறை 14416-ல் பேசிவிடுங்கள்.

*"தூக்கத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடலாமா?"*
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். தூக்க மாத்திரை மருத்துவர் சீட்டோடு, அவர் சொன்ன நாள்வரை மட்டும். நாமாகப் போட்டால் பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தூக்கம் ஏன் போயிற்று என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சில சமயம் சர்க்கரையோ தைராய்டோ காரணமாக இருக்கும்.

நாளைக் காலை வயலைச் சுற்றி வந்து இலையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு போடுபவரின் முகத்தையும் அதே நிதானத்தோடு ஒருமுறை பாருங்கள். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.